மஞ்சள் கொடிக்கு ஓர் எண் வேண்டும்: கார்ப் பந்தய விதிகளை எங்கிருந்து திருத்துவது?

2024 ஏப்ரல் 21, ஞாயிற்றுக்கிழமை. உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்கள் நடந்து சரியாக ஐந்து ஆண்டுகள் நிறைவடைந்த நாள். அன்று தியத்தலாவையில் ‘பொக்ஸ் ஹில் சுப்பர் குரோஸ்’ பந்தயம் நடந்து கொண்டிருந்தபோது தடத்தை விட்டு விலகிய கார் ஒன்று ஓரத்தில் நின்ற மக்கள் மீது பாய்ந்தது. எட்டு வயதுச் சிறுமி ஒருவர் உட்பட ஏழு பேர் உயிரிழந்தனர். இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். இறந்தவர்களில் போட்டிப் பணியாளர்களும் இருந்தனர்.

அதற்குச் சற்று முன்னர் வேறொரு கார் தடத்தில் கவிழ்ந்திருந்தது. வேகத்தைக் குறைக்குமாறு பணியாளர்கள் மஞ்சள் சமிக்ஞை காட்டியதாகவும், அப்படியிருந்தும் கார்கள் வேகமாகவே வந்ததாகவும் அதிகாரிகள் அப்போது தெரிவித்தனர். சாரதிகள் கைது செய்யப்பட்டனர். சில நாட்கள் எல்லோரும் சாரதிகளைத் திட்டினார்கள், பிறகு வேறு செய்திகள் வந்தன.

நான் கலேவெலயில் வாகனம் திருத்தும் கராஜ் ஒன்றில் வேலை செய்கிறேன். குருநாகலிலிருந்து தம்புள்ளை வழியாகத் திருகோணமலைக்குப் போகும் ஏ-6 வீதி எங்கள் வாசலால்தான் போகிறது. கொழும்பிலிருந்து சீகிரியா ரலி குரோஸுக்கோ, மின்னேரியாவில் நடக்கும் கன்னர்ஸ் சுப்பர் குரோஸுக்கோ போகும் கார்களுக்கும் இதுதான் பாதை. லொறியில் ஏற்றிக் கட்டிய சுபாரு இம்ப்ரெசாக்களையும் மிட்சுபிசி லான்சர்களையும் பார்க்கப் பெடியன்கள் வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவார்கள். எனக்கும் அந்தச் சத்தம் பிடிக்கும். ஆகவே இந்தப் பந்தயங்களைத் தடை செய்ய வேண்டும் என்று வாதிட நான் இதை எழுதவில்லை. விதிகளை எந்த முனையிலிருந்து எழுதத் தொடங்குவது என்பதுதான் என் கேள்வி. இதுவரை எஞ்சினிலிருந்து தொடங்கியிருக்கிறோம். இத்தனை சீசீ, இன்ன மொடல், இன்ன ரயர் என்று. தடத்தின் ஓரத்தில் நிற்கும் ஆளிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம்.

போரில் இவ்வளவு இழந்த சமூகத்துக்குக் கார்ப் பந்தயம் ஒரு கேடா என்று சிலர் கேட்கலாம். எங்கள் இளைஞர்கள் ஏற்கெனவே பந்தயம் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். ஏ-9 வீதியில், மோட்டார் சைக்கிளில், தலைக்கவசம் இல்லாமல், எந்த விதியும் இல்லாமல். ஒழுங்கான தடம் ஒன்று என்றாவது ஒரு நாள் வடக்குக்கும் வரும். அது வரும்போது எதைக் கேட்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

முதலில் மஞ்சள் கொடியைப் பார்ப்போம். உலகெங்கும் பந்தயத்தில் மஞ்சள் கொடி என்றால் ‘முன்னால் ஆபத்து, வேகத்தைக் குறை, முந்தாதே’ என்று பொருள். இதில் உள்ள ஓட்டை வெளிப்படையானது. எவ்வளவு குறைப்பது? அதைச் சாரதியின் மனச்சாட்சிக்கு விட்டிருக்கிறார்கள். பத்துப் பேரில் ஒன்பது பேர் நன்றாகக் குறைத்து ஒருவர் கொஞ்சமாகக் குறைத்தால் அந்த ஒருவருக்கு இலாபம். அடுத்த முறை மற்ற ஒன்பது பேரும் கொஞ்சமாகவே குறைப்பார்கள். இதைச் சாரதிகளின் கெட்ட குணம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது, விதியே அவர்களை அங்கு தள்ளுகிறது.

இந்தப் பாடத்தை உலகின் மிகப் பணக்காரப் பந்தயமும் ஓர் உயிரைக் கொடுத்துத்தான் கற்றது. 2014 ஒக்டோபர் 5, ஜப்பானின் சுசூகா. மழை. ஒரு கார் தடத்தை விட்டு விலகி நிற்க, அதைத் தூக்குவதற்குப் பாரந்தூக்கி இயந்திரம் ஒன்று உள்ளே வந்திருந்தது. இரட்டை மஞ்சள் கொடிகள் அசைக்கப்பட்டன. அடுத்த சுற்றில் அதே இடத்தில் பிரெஞ்சு வீரர் ஜூல்ஸ் பியான்கியின் கார் வழுக்கிப் போய் அந்த இயந்திரத்தின் அடியில் மோதியது. நினைவு திரும்பாமலே 2015 ஜூலையில் அவர் இறந்தார். சர்வதேச மோட்டார் வாகனச் சம்மேளனம் நியமித்த குழு, அவர் கட்டுப்பாட்டை இழக்காத அளவுக்கு வேகத்தைக் குறைக்கவில்லை என்றது. அத்துடன் நின்றிருந்தால் அது சாரதியைத் திட்டும் அறிக்கையாகவே முடிந்திருக்கும். ‘குறை’ என்ற சொல் போதாது, அளவிடக்கூடிய வேக வரம்பு வேண்டும் என்றும் அந்தக் குழு பரிந்துரைத்தது.

அதிலிருந்து பிறந்ததுதான் 2015இல் போர்மியூலா 1 பந்தயத்துக்கு வந்த ‘மெய்நிகர் பாதுகாப்புக் கார்’ முறை. ஆபத்து அறிவிக்கப்பட்டதும், தடத்தின் ஒவ்வொரு பகுதியையும் குறைந்தது எத்தனை வினாடிகள் எடுத்துக் கடக்க வேண்டும் என்ற எண் சாரதியின் முன்னாலுள்ள திரையில் தோன்றும். அதைவிட வேகமாகப் போனால் தண்டனை. எல்லோரும் ஒரே அளவில் குறைப்பதால் யாருக்கும் இலாபமில்லை, நட்டமுமில்லை.

எங்கள் மண் தடங்களுக்கு அந்தத் தொழில்நுட்பம் எல்லாம் எங்கே என்று கேட்பீர்கள். நெதர்லாந்தைச் சேர்ந்தவர்கள் நடத்தும் 24 மணி நேரப் பந்தயங்களில் ‘கோட் 60’ என்ற மலிவான முறை ஒன்று இருக்கிறது. ஊதா நிறக் கொடி, அதன் நடுவே 60 என்ற எண். அது அசைக்கப்பட்டால் தடத்தில் உள்ள எல்லாக் கார்களும் மணிக்கு 60 கிலோமீற்றருக்கு இறங்க வேண்டும், முந்தக்கூடாது. அவ்வளவுதான். கவிழ்ந்த காருக்கு அருகில் ஆட்கள் நின்றால் அதற்கும் காத்திராமல் உடனே சிவப்புக் கொடி காட்டிப் போட்டியை நிறுத்திவிட வேண்டும் என்பது என் தனிப்பட்ட கருத்து. மண் தடச் சுற்றுகள் குறுகியவை. நிறுத்தி மீண்டும் தொடங்குவதில் போகப் போவது பத்து நிமிடம்.

60 என்ற எண் என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சரளை மண்ணில் ரயரின் உராய்வுக் குணகம் 0.5 என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 100 கிலோமீற்றரில் வரும் கார் பிறேக் பிடித்து நிற்க ஏறக்குறைய 79 மீற்றர் வேண்டும். கண் கண்டு கால் அழுத்தும் ஒரு வினாடிக்குள் இன்னொரு 28 மீற்றர் போய்விடும். மொத்தம் 107 மீற்றர். அதே கார் 60இல் வந்தால் எல்லாம் சேர்த்து 45 மீற்றருக்குள் நின்றுவிடும். மோதினாலும் அதன் மோதல் சக்தி 100இல் இருந்ததில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும், ஏனென்றால் சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. கராஜில் புதிதாகச் சேரும் பெடியனுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பது இதைத்தான். வேகம் இரண்டு மடங்கானால் பிறேக்கின் வேலை நான்கு மடங்காகும்.

அடுத்தது, மக்கள் நிற்கும் இடம். இது பந்தயத்தின் பழைய நோய். 1955இல் பிரான்சின் லு மான் பந்தயத்தில் ஒரு மெர்சிடிஸ் கார் சிதறிக் கூட்டத்துக்குள் பாய்ந்ததில் எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். சுவிற்சர்லாந்து தன் நாட்டில் வட்டத் தடப் பந்தயங்களையே தடை செய்தது. அந்தத் தடையை முழுதாக நீக்க அவர்களுக்கு 2022 வரை எடுத்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1957 மே மாதம், இத்தாலியில் பொது வீதிகளில் ஓடப்பட்ட மில்லே மிலியா பந்தயத்தில் ரயர் வெடித்த பெராரி ஒன்று வீதியோரத்தில் நின்ற ஒன்பது பேரைக் கொன்றது, அவர்களில் ஐவர் குழந்தைகள். வேகப் போட்டியாக மில்லே மிலியா அத்துடன் முடிந்தது.

இங்கே பெரும்பாலும் நடப்பது என்ன? கயிறு ஒன்று கட்டுவார்கள். சில இடங்களில் மண் அணை போடுவார்கள். மண் அணை நல்லதுதான், ஆனால் மக்கள் அதன் பின்னால் நிற்காமல் அதன் மேல் ஏறி நிற்பார்கள், நன்றாகத் தெரியும் என்று. வளைவின் வெளிப்புறம்தான் எல்லோருக்கும் பிடித்த இடம், கார் சறுக்கிக்கொண்டு வருவது முகத்துக்கு நேரே தெரியும். கட்டுப்பாட்டை இழந்த கார் போவதும் அதே திசையில்தான். ஆகவே விதி இப்படி இருக்கலாம்: வளைவின் வெளிப்புறத்தில் பார்வையாளர் எவரும் கூடாது. நேரான பகுதியில் நிற்பதென்றால் தூரத்தோடு உயரமும் வேண்டும். யாராவது அந்தக் கோட்டைத் தாண்டி நின்றால் அடுத்த போட்டி தொடங்கக்கூடாது. கடைசி வரிதான் முக்கியம். கூட்டத்தை ஒலிபெருக்கியில் கெஞ்சிக்கொண்டே போட்டியை ஓட்டும் வழக்கம் இருக்கும்வரை கோடு வெறும் கோடுதான். கார்கள் அசையாமல் நின்றால் கூட்டமே கூட்டத்தைப் பின்னால் தள்ளும்.

இனி கார். 1980களில் உலக ரலிப் பந்தயத்தில் ‘குரூப் பி’ என்றொரு வகை இருந்தது. ஐந்நூறு குதிரைவலுவை நெருங்கிய இலேசான கார்கள் பொது வீதிகளில், இரு பக்கமும் சுவர்போல நின்ற மக்களுக்கு நடுவே ஓடின. 1986 மார்ச்சில் போர்த்துக்கலில் ஒரு போர்ட் கார் கூட்டத்துக்குள் பாய்ந்து மூவர் இறந்தனர். பெரிய அணிகள் அந்தப் போட்டியிலிருந்து விலகின. மே 2ஆம் திகதி கோர்சிகாத் தீவில் பின்லாந்து வீரர் ஹென்றி தொய்வோனனும் அவரது துணைச் சாரதியும் எரிந்து இறந்தனர். அடுத்த ஆண்டிலிருந்து அந்த வகையே இல்லாமல் போனது.

அதற்குப் பின் வந்த வழியை எந்த மெக்கானிக்கும் இரசிப்பார். எஞ்சின் என்பது காற்றும் எரிபொருளும் கலந்து எரியும் இடம். எவ்வளவு பெற்றோல் ஊற்றினாலும் அதற்கேற்ற காற்று வராவிட்டால் வலு ஏறாது. ஆகவே காற்று நுழையும் வாயில் குறிப்பிட்ட அளவு துளையுள்ள ஓர் உலோக வளையத்தைப் பொருத்தி முத்திரை வைத்துவிட்டால் போதும். 1990களின் நடுப்பகுதியிலிருந்து ரலிக் கார்களுக்கு அந்தத் துளை 34 மில்லிமீற்றர். வலு சுமார் 300 குதிரைவலுவில் நின்றது. ஆயிரம் பக்க விதிப்புத்தகம் எழுதி எஞ்சினுக்குள் என்ன இருக்கிறது என்று தேடத் தேவையில்லை. கடைசல் இயந்திரம் உள்ள எந்தப் பட்டறையிலும் இந்த வளையத்தைக் கடைந்துவிடலாம். எந்த வகுப்புக்கு எத்தனை மில்லிமீற்றர் என்று மட்டும் முடிவு செய்தால் சரி.

அமெரிக்கர்களும் இதே வழிக்குத்தான் போனார்கள், காரணமும் பார்வையாளர்தான். 1987இல் டல்லடேகாவில் பொபி அலிசனின் கார் ரயர் வெடித்து மேலெழும்பி, மக்களுக்கு முன்னாலிருந்த கம்பி வலை வேலியைப் பிய்த்தது. வேலி பெரும்பாலும் தாங்கியதால் உயிரிழப்பு இல்லை, காயங்கள்தான். மறு ஆண்டே மிக வேகமான இரண்டு தடங்களில் எஞ்சினுக்குக் காற்றைக் குறைக்கும் தகட்டைக் கட்டாயமாக்கினார்கள். வேகம் குறைந்தது உண்மை. ஆனால் எல்லாக் கார்களும் ஒரே வலுவில் ஓடத் தொடங்கியதால் நாற்பது கார்கள் கொத்தாகச் சேர்ந்து வர, ஒன்று தடுமாறினால் இருபது மோதும் நிலையும் வந்தது. ஒரு விதியை மாற்றினால் இன்னொரு மூலையில் எது பிதுங்கும் என்று பார்க்க வேண்டும்.

அந்தக் கொத்துப் பிரச்சினைக்கு மண் தடத்தில் இன்னொரு பெயர் உண்டு: புழுதி. போர்மியூலா 1இல் முன் கார் கலக்கிவிடும் காற்றால் பின் கார் தரையைப் பற்றும் சக்தியை இழக்கும். அதனால் முந்துவது கடினம், போட்டி சலிக்கும். 2022இல் காரின் அடித்தளத்தையே மாற்றி வடிவமைக்க வைத்தது அதுதான். 2026ஆம் ஆண்டு விதிகளில் காரைக் குறுக்கி, அகலத்தை 10 சென்ரிமீற்றரும் எடையை 30 கிலோவும் குறைத்ததும் அதே திசையில்தான். எங்களுக்குக் காற்றுச் சுரங்கம் வேண்டாம், தண்ணீர் பவுசர் போதும். புழுதிக்குள் வரும் சாரதிக்கு முன் காரும் தெரியாது, கொடியும் தெரியாது. போட்டிக்குப் போட்டி தண்ணீர் தெளிப்பதையும், கொடியுடன் சேர்த்துப் பளிச்சிடும் விளக்கு வைப்பதையும் விதியாக்க வேண்டும். உலக ரலி குரோஸ் போட்டிகளில் செய்ததுபோல ஒரு தடவையில் ஐந்து, ஆறு கார்களை மட்டும் விடலாம். அங்கே ‘ஜோக்கர் சுற்று’ என்றொரு நல்ல தந்திரமும் உண்டு. ஒவ்வொரு சாரதியும் போட்டிக்குள் ஒரு தடவை சற்று நீளமான மாற்றுப் பாதையால் போயே ஆக வேண்டும், எந்தச் சுற்றில் என்பது அவர் விருப்பம். இடித்துத் தள்ளாமலே இடம் மாறும். யார் எப்போது ஜோக்கர் எடுப்பார் என்று பார்த்துக்கொண்டிருப்பதே ஒரு சுவாரசியம். இன்னும் பாதுகாப்பாக வேண்டுமென்றால் நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் இருக்கிறது, 1930களில் தொடங்கியது. ஒரு நேரத்தில் ஒரு கார், எதிராளி கடிகாரம்.

காசு பற்றியும் கொஞ்சம். 2020இலிருந்து பல ஆண்டுகள் இங்கே வாகன இறக்குமதி முடங்கிக் கிடந்தது. பழைய கார்களின் விலை என்ன ஆனது என்று கராஜில் இருப்பவனைக் கேட்க வேண்டியதில்லை. இந்த நிலையில் விலையுயர்ந்த கார்களை மையமாக வைத்த பந்தயம் சில குடும்பங்களின் பந்தயமாகவே இருக்கும். கோயம்புத்தூரில் எஸ். கரிவரதன் வேறொரு வழி காட்டினார். மாருதி 800இன் எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உள்ளூரிலேயே கட்டினார், ‘போர்மியூலா மாருதி’ என்று. எல்லோருக்கும் ஒரே எஞ்சின், உதிரிப்பாகம் மூலைக் கடையில். இந்தியாவின் முதல் போர்மியூலா 1 வீரரான நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டியது அந்த வகைக் காரைத்தான். இலங்கையின் வீதிகளில் மாருதி கார்களுக்குப் பஞ்சமில்லை. அமெரிக்க மண் தடங்களில் இன்னொரு விதி: வென்றவரின் எஞ்சினைத் தோற்றவர் நிர்ணயித்த விலைக்குக் கேட்டு வாங்கலாம், மறுக்க முடியாது. பிறகு யார் அதில் இலட்சக்கணக்கில் கொட்டுவார்?

யார் ஓட்டலாம் என்ற விதியும் இருக்கிறது. எங்கள் வாசகர்களுக்கு இது நெருக்கமானது. இத்தாலிய வீரர் அலெக்ஸ் சனார்டி 2001இல் ஜேர்மனியில் நடந்த விபத்தில் இரண்டு கால்களையும் இழந்தார். மாற்றியமைத்த காரில் திரும்பி வந்து 2005இல் உலக ரூரிங் கார் போட்டி ஒன்றில் வென்றார். பிரித்தானிய இளைஞர் பில்லி மொங்கர் 2017இல் கால்களை இழந்தபோது அப்படிப்பட்டவர்கள் ஒற்றை இருக்கைக் காரில் சர்வதேசப் போட்டிகளில் ஓட விதி இடம் தரவில்லை. விதியை மாற்றினார்கள். 2018இல் ஓடினார், 2019இல் பிரான்சின் போ நகரில் வென்றார். அங்கே இப்போதைய கேள்வி கால் இருக்கிறதா என்பதல்ல, குறித்த நேரத்துக்குள் காரை விட்டு வெளியேற முடியுமா என்பது. வன்னியில் கையாலேயே எல்லாம் இயக்கும்படி மாற்றிய முச்சக்கரவண்டி ஓட்டுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த மாற்றத்தைச் செய்யத் தெரிந்த கைகள் எங்களிடம் இருக்கின்றன.

கடைசியாக, விதியை யார் பார்ப்பது? பொக்ஸ் ஹில் பந்தயத்தைத் தியத்தலாவை இராணுவ அகடமியும் ஸ்ரீலங்கா ஒட்டோமொபைல் ஸ்போர்ட்ஸ் அமைப்பும் சேர்ந்து நடத்தின. கன்னர்ஸ் என்ற பெயரே பீரங்கிப் படையினுடையது. சாலியபுரவில் நடக்கும் கஜபா சுப்பர் குரோஸ் கஜபா படைப்பிரிவினுடையது. சீகிரியா விமானப்படையினுடையது. நிலம் படையினருடையது, ஏற்பாட்டிலும் படையினர் இருக்கிறார்கள். ஏழு பேர் இறந்த பிறகு பொலிஸ் விசாரணை ஒருபுறமிருக்க, இராணுவமும் தன் பங்குக்கு ஒரு விசாரணைக் குழுவை நியமித்தது. விசாரணைக் குழு என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு என்ன தோன்றும் என்று நான் சொல்லத் தேவையில்லை. பியான்கி விபத்தில் குழுவின் முடிவுகள் இரண்டு மாதத்துக்குள் வெளியே வந்தன, மறு ஆண்டே விதி மாறியது. இங்கும் ஒழுங்குவிதியிலேயே எழுத வேண்டும்: உயிரிழப்பு நேர்ந்தால் ஏற்பாட்டாளருடன் தொடர்பில்லாதவர்கள் விசாரிக்க வேண்டும், இத்தனை நாட்களுக்குள் அறிக்கை மூன்று மொழிகளிலும் வெளியாக வேண்டும், அதுவரை அந்தத் தடத்தில் கார் ஓடக்கூடாது.

அதே புத்தகத்தில் கொடி பிடிப்பவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும். நாள் முழுவதும் வெயிலில், காருக்கு மிக அருகில் நிற்பவர் அவர்தான். முன்னால் ஒரு பாதுகாப்புச் சுவர், காதில் ஒரு தொடர்பாடல் கருவி, போட்டிக்கு முந்திய வாரம் பயிற்சி, பெயருக்கு ஒரு காப்புறுதி. மிக முக்கியமாக, கார் கவிழ்ந்தால் மேலிடத்தைக் கேட்காமல் அவரே போட்டியை நிறுத்தும் அதிகாரம்.